நல்லாப் பாத்துக்கறாருங்க

சௌந்திரத்துக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது ஊரில் எல்லோரிடமும் குடலிறக்கம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். சொன்னவள் மாமியார் பாவாயி. "பைய எடுத்தாச்சுன்னு தெரிஞ்சா ஒருத்தி ஒண்ணு பேசுவா. குடலெறக்கம்னு சொல்லிரு சாமி. அது ஆம்பளைக்கும் வர்றதுதான்" என்று நாமக்கல்லுக்குக் கிளம்பிய அன்று காலையிலேயே மருமகளிடம் சொல்லிவிட்டாள். சௌந்திரமும் சரி என்று தலையாட்டினாள். அவளுக்கும் அதுதான் வசதியாகப்பட்டது. இரண்டு வருஷமாக ஓயாத உதிரப்போக்கு. பரமத்தியில் ஒரு கல்யாணத்தில் எழுந்து பார்த்தபோது நாற்காலியில் கறை இருந்தது. பின்வரிசையில் இருந்த பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். அவள் முந்தானையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு, பந்திக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை.

வெளியே யாரிடமும் பேச முடியாத அந்தச் சமயத்தில்தான் போனில் அவளுக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். டாக்டர் ஒருவர் பேசிய வீடியோவுக்குக் கீழே, 'ஆப்பரேசன் முடிஞ்சு தும்மல் வந்தா தையல் பிரியுமா' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். 'வயித்து மேல தலகாணிய வெச்சு அமுக்கிக்கிட்டுத் தும்முங்க' என்று இன்னொருத்தி பதில் போட்டிருந்தாள். சௌந்திரம் அதைப் படித்துத் தனியே சிரித்துவிட்டாள். கேட்டவள் இளம்பிள்ளை அனிதா. போனிலேயே சேலை விற்கிறவள், வயது நாற்பது. பதில் சொன்னவள் அயோத்தியாப்பட்டணம் தெய்வநாயகி. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க், கணவர் இல்லை, மகன் பெங்களூரில். தெய்வநாயகிக்கு ஆப்பரேசன் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மற்ற இருவருக்கும் ஒரே மாதத்தில் நாள் குறித்திருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். 'எடுத்தாச்சு' என்று அதற்குப் பெயர் வைத்தவள் தெய்வநாயகி.

அதில் அவர்கள் பேசாதது எதுவுமில்லை. தோளில் வந்து ஏறிக்கொள்கிற வாயு வலி, மலச்சிக்கல், திடீரென்று காது மடல் வரை ஏறி இறங்கும் சூடு, காரணமில்லாமல் வருகிற அழுகை. "முதல் தடவ காத்துப் பிரிஞ்சதும் நர்ஸு கை தட்டுச்சுடி, நான் என்னமோ கலெக்டருக்குப் படிச்சு பாஸான மாதிரி" என்று தெய்வநாயகி சொன்னபோது மற்ற இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் தவித்தார்கள்.

பொய் ஆரம்பித்தது சௌந்திரம் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வாரத்தில்.

ஒரு நாள் மதியம் வாட்ஸப்பில் அனிதாவின் குரல் பதிவு வந்திருந்தது. அழுதுகொண்டே பேசியிருந்தாள். "எங்க வீட்டுக்காரர் எட்டிக்கூடப் பாக்கலக்கா. அவங்கம்மா வந்து சோத்த வெச்சிட்டுப் போறாங்க. நான் இருக்கறனா செத்தனான்னு ஒரு வார்த்த கேக்கல. தையலக் காட்டறதுக்குக்கூட ஆஸ்பத்திரிக்கு நானா ஆட்டோ புடிச்சுப் போயிட்டு வந்தேன். உங்க வீட்டுல எப்படிக்கா? அண்ணன் பாத்துக்கறாரா?"

சௌந்திரம் அப்போது உள்ளறையில் தனியாகப் படுத்திருந்தாள். கணவன் கதிர்வேல் தன் கட்டிலைத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டிருந்தான். மருத்துவமனைக்கு ஒரே ஒரு முறை வந்தான். கட்டிலுக்கு அடியில் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கரும்பு வெட்டுக்கு ஆள் வந்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டுக் கதவோடு திரும்பிப் போய்விட்டான். மகள் சண்முகப்பிரியா நான்கு நாள் கூட இருந்தாள். பிறகு பரீட்சை என்று கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாள். மாமியார் சோறு வைப்பாள். ரத்தம் பட்ட துணியைத் தொடமாட்டாள்.

சௌந்திரம் பதில் சொல்லப் போனை எடுத்தாள். என் வீட்டிலும் அதே கதைதான் என்று சொல்ல வாய் வரவில்லை. கட்டியவனே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஒருத்தி என்று இன்னொருத்திக்குத் தெரிவதா? அவள் பொத்தானை அழுத்தி, "நல்லாப் பாத்துக்கறாருங்க கண்ணு" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் தெய்வநாயகி, "என்ன செஞ்சு குடுத்தாரு தம்பி? சொல்லேன், கேப்போம்" என்று கேட்டாள். மிளகு ரசம் வைத்தார், உப்பு அதிகமாகிவிட்டது என்று சௌந்திரம் சொன்னாள். உப்பு அதிகம் என்று சொன்னதும் நிஜம் போலவே ஆகிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு நாளும் ஒன்று சேர்ந்தது. துணியை வாய்க்காலுக்கு எடுத்துப்போய் அலசிக்கொண்டு வந்தார். குனிய முடியாமல் இருந்தபோது கால் நகத்தை வெட்டிவிட்டார். கையைத் தூக்கினால் தையல் இழுக்கிறது என்றதும் பின்னால் உட்கார்ந்து தலை சீவிவிட்டார். இதையெல்லாம் சொல்லும்போது சௌந்திரத்தின் குரல் தானாகக் குழைந்தது. மதியம் எப்போது வரும், எப்போது பேசுவோம் என்று இருந்தது. போனில் இருந்த அந்த மனிதர் மேல் அவளுக்கே ஓர் ஆசை வந்துவிட்டது. மோட்டார் ரூமிலிருந்து வந்து, சாப்பிட்ட வட்டலைத் தள்ளி வைத்துவிட்டுப் போகிறவன் யாரோ வேற்று ஆள் போலத் தெரிந்தான்.

துணியை அவளேதான் துவைத்தாள். தண்ணீர் நிறைந்த பக்கெட்டைத் தூக்கியபோது அடிவயிற்றில் சுருக்கென்றது. இரண்டு நாளில் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது. கதிர்வேல் காரில் கூட்டிப்போனான். டாக்டர் அறைக்குள் வராமல் எதிரே டீக்கடையில் நின்றுகொண்டான். சர்க்கரை இருப்பதால் சீழ் பிடித்துவிட்டது என்று அவள் குழுவில் சொன்னாள்.

ஒரு வருஷம் ஓடியது. மூன்று பேரும் தேறிவிட்டார்கள். ஒரு நாள் அனிதா, "நாம மூணு பேரும் நேர்ல பாத்துக்கணுங்க்கா. உங்க தோட்டத்துக்கே வர்றோம்" என்றாள். சௌந்திரம் கரும்பு வெட்டு என்றாள். பிறகு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் ஒறம்பரையாக வருகிறார்கள் என்றாள். பிறகு மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றாள். அனிதா விடவில்லை. "எங்க வீட்டுக்காரரும் வர்றேங்கறாரு. அண்ணனப் பாத்தே ஆகணுமாம்" என்று சொன்னபோது சௌந்திரம் பதறிப்போனாள். ஆனாலும் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். அன்று மோட்டாருக்குச் சாமான் வாங்கக் கரூருக்குப் போவதாகக் கதிர்வேல் சொல்லியிருந்தான். அவன் இல்லாத நேரத்தில் வந்து, சாப்பிட்டு, போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டாள்.

அவர்கள் அனிதா கணவனின் வேனில் வந்தார்கள். சேலை மூட்டை ஏற்றுகிற வேன். வழியில் கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில் தெய்வநாயகியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இறங்கியதும் அனிதா ஓடிவந்து சௌந்திரத்தைக் கட்டிக்கொண்டாள். "குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லியேக்கா! நீங்க குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். தெய்வநாயகி இருவரையும் பார்த்துச் சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அனிதாவின் கணவன் அன்பரசு ஒல்லியான ஆள். கூச்சத்தோடு ஒதுங்கி நின்று, வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன் இல்லீங்களா?"

"கரூருக்குப் போயிருக்காருங்க. சாயந்தரம் ஆயிரும்" என்றாள் சௌந்திரம்.

அவன் முகம் சப்பென்று ஆகிவிட்டது. கூடத்தில் பாவாயி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போனில் பழகியவர்கள் என்று மருமகள் சொல்லியிருந்ததால், "வாங்க சாமி, உக்காருங்க" என்று மட்டும் சொன்னாள். சௌந்திரம் மோர் எடுக்க உள்ளே போனாள். அப்போதுதான் வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை என்பதைக் கதிர்வேல் மறந்துவிட்டிருந்தான். கடை சாத்தியிருந்ததால் திரும்பி வந்துவிட்டான்.

சௌந்திரம் மோர்த் தட்டோடு வந்தபோது அன்பரசு எழுந்து நின்று கதிர்வேலின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"உங்களப் பாக்கத்தாண்ணா வந்தேன்."

"என்னையவா? எதுக்குங்க?"

"இவளுக்கு ஆப்பரேசன் முடிஞ்சு வந்தப்ப, இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்னு நான் பாட்டுக்கு இருந்துட்டேண்ணா. ஒரு நா இவ சௌந்திரக்கா பேசினத ஸ்பீக்கர்ல போட்டு எங் காதுகிட்ட வெச்சா. நீங்க ரசம் வெச்சது, வாய்க்கால்ல துணி அலசினது... ஒரு விவசாயி, அத்தன வேலைக்கு நடுவுல செய்யறாரு, உனக்கு என்னன்னு கேட்டா. எனக்கு வெக்கமாப் போச்சு. அன்னைக்கே எந்திரிச்சுப் போயி சோறு வெச்சேன். கொழஞ்சு போச்சு. ஆனா அதுக்கப்புறம் ஒரு நாளும் விடலண்ணா."

"ஆமாங்கண்ணா. துணியெல்லாம்கூட அவருதான் தொவச்சாரு. உங்களால எங்க குடும்பம் தப்பிச்சுது" என்றாள் அனிதா. அவள் கண் கலங்கியிருந்தது.

பாவாயியின் கையில் வெங்காயம் அப்படியே நின்றது. கதிர்வேல் திரும்பி மனைவியைப் பார்த்தான். சௌந்திரம் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இப்போது சிரிப்பான், அல்லது கத்துவான், அல்லது இவள் என்ன கதை கட்டினாள் என்று கேட்பான் என்று காத்திருந்தாள்.

அவன் அது எதையும் செய்யவில்லை. தோளில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அதனாலென்னங்க. நம்ம ஊட்டுப் பொம்பளைக்கு நாம செய்யாம வேற ஆரு செய்யறது?" என்றான்.

"அப்படிச் சொல்லுங்க தம்பி!" என்றாள் தெய்வநாயகி.

அன்பரசு அவன் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "எல்லாம் வந்துருச்சுண்ணா. இந்தத் தல சீவி விடறதுதான் எனக்கு வரவேயில்ல. சிக்கெடுக்கறேன்னு இழுத்தா இவ கத்துவா."

"மேல இருந்து சீவுனீங்கன்னா அப்புடித்தானுங்க. நுனியக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டுக் கீழ இருந்து கொஞ்சங் கொஞ்சமா எடுத்துட்டு வரோணும். சீப்புல சித்த எண்ணெயத் தொட்டுக்கோணும். வலிக்காது" என்றான் கதிர்வேல்.

சௌந்திரத்துக்குத் திடுக்கென்றது. சண்முகப்பிரியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூட வேனுக்கு நேரமாகிவிட்டால் இவன்தான் தலை சீவிவிடுவான். அது அவளுக்கு மறந்தே போயிருந்தது. இத்தனை நாளும் இவனுக்குத் தெரியாது, ஆண்பிள்ளை, என்ன செய்வான் என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இவனுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துதான் மோட்டார் ரூமில் போய்ப் படுத்துக்கொண்டான்.

அவள் தட்டை ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"பொய்யுங்க" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இவரு ஒண்ணும் செய்யலீங்க. ஆசுபத்திரிக்கு ஒரு தடவ வந்தாரு. கதவுகிட்ட நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு. ரசம், துணி, தல சீவுனது, நெகம் வெட்டுனது எல்லாமே நானாக் கட்டுன கதைங்க. எல்லாம் பொய்யி."

"ஏ புள்ள, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றாள் பாவாயி. "ஊட்டுச் சங்கதிய ஊராருகிட்டச் சொல்லுவாளா ஒருத்தி?"

கதிர்வேல் எழுந்தான். யாரையும் பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு கரும்புக்காட்டுப் பக்கம் நடந்தான். அன்பரசு "அண்ணா..." என்று இரண்டடி போய்விட்டு, அதற்கு மேல் போகத் தெரியாமல் வாசலிலேயே நின்றான்.

அனிதா இன்னும் உட்கார்ந்துதான் இருந்தாள். "சீழ் வெச்சுது சக்கரையாலன்னு சொன்னீங்களேக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பக்கெட்டுத் தூக்குனேன் கண்ணு."

 கடைசியில் தெய்வநாயகிதான், "சமைச்சு வெச்சிருக்கிற இல்ல? வந்தவங்களுக்குச் சோத்தப் போடு சௌந்திரம். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். சௌந்திரம் நாட்டுக்கோழிக் குழம்பும் பயிறு கடைசலும் வைத்திருந்தாள். யாரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. கிளம்பும்போது தெய்வநாயகி சௌந்திரத்தின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அனிதா கொண்டுவந்திருந்த சேலைப் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய் வேனில் ஏறி, அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வேன் வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்வரை சௌந்திரம் வாசலிலேயே நின்றாள். கையசைக்கலாமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பொழுது சாயக் கதிர்வேல் வந்தான்.

"நாலு பேரு முன்னால என்ற மானத்த வாங்கிப்போட்ட."

"நீங்க கம்முனு இருந்திருந்தா நானும் கம்முனு இருந்திருப்பனுங்க" என்றாள் சௌந்திரம்.  இரண்டு பேரும் அதற்குப் பிறகு பல நாள் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள்.

குழுவில் சத்தமில்லை. காலையில் தெய்வநாயகி வழக்கம்போல ஒரு பூப்படம் போடுவாள். அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதமாட்டார்கள். குழுவை விட்டு விலகிவிடலாம் என்று சௌந்திரம் பலமுறை போனை எடுத்தாள். ஒருநாள் தெய்வநாயகியே தனியாகக் கூப்பிட்டாள்.

"நான் திட்டப் போறதில்ல. எனக்குத் திட்டறதுக்குக்கூட வீட்டுல ஆள் கிடையாது, நீ சொன்ன கதைய நானும் ஆசையாத்தான் கேட்டேன். ஆனா அனிதாகிட்டப் பேசு. வாய்ஸ் அனுப்பாத. கூப்பிட்டுப் பேசு."

மறுநாள் மதியம் சௌந்திரம் கூப்பிட்டாள். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தாள்.

"சொல்லுங்க."

அக்கா என்ற வார்த்தை இல்லை. "தப்புப் பண்ணிட்டனுங்க கண்ணு" என்றாள் சௌந்திரம்.

"எங்க வீட்டுக்காரர் மாறினது நல்லதுதான். அத நான் இல்லேன்னு சொல்லல. அவரு தெனமும் கேக்கறாரு, அந்தக்கா எப்படி இருக்காங்க, பேசினியான்னு. எனக்குத்தான் பேசப் புடிக்கல." அனிதாவின் குரல் உடைந்தது. "நான் அன்னைக்கு அழுதுட்டுக் கேட்டேன் இல்ல? நீங்களும் அதே மாதிரிதான் படுத்துக் கெடந்திருக்கீங்க. எனக்கும் அப்படித்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். ஊர்ல எல்லாரு புருசனும் தங்கம், எனக்கு மட்டும்தான் இந்தக் கெதின்னு நான் எத்தன நா தலகாணிய நனைச்சேன் தெரியுமா? ஏங்க்கா என்ன அப்படித் தனியா விட்டீங்க?"

தன் மானம் போய்விட்டது என்று மட்டுமே சௌந்திரம் இத்தனை நாளும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். இதை அவள் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்திருக்கவில்லை.  மன்னிப்புக் கேட்பதுகூட இன்னொரு பொய் போலத் தோன்றியது. அதனால் நடந்ததைச் சொன்னாள். மூத்திரப் பையைப் பார்த்துவிட்டு அவன் முகத்தைத் திருப்பியதிலிருந்து ஆரம்பித்தாள். துணியை யாருக்கும் தெரியாமல் மாட்டுத்தொட்டித் தண்ணீரில் அலசியது. ஒரு நாள் எழ முடியாமல் படுக்கையிலேயே நனைந்துபோய், மாமியார் தூங்கும்வரை அப்படியே கிடந்தது. பரமத்திக் கல்யாணம். பேசிய நேரம் முழுக்கப் பாவாயி கூடத்தில்தான் இருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

 சொல்லி முடித்ததும் அனிதா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எனக்கும் ஒரு நா படுக்கையில அப்படி ஆயிருச்சுக்கா" என்றாள். கொஞ்சம் கழித்து, "இன்னும் எனக்குக் கோவம் போகல. ஆனா நாளைக்குக் கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் மதியச் சாப்பாட்டுக்கு வந்த கதிர்வேல், சாப்பிட்டு முடித்தும் எழவில்லை. கை காயும்வரை உட்கார்ந்திருந்தான்.

"அந்த அன்பரசு, அவன் அதெல்லாம் நெசமாவே செஞ்சானாமா?"

"செஞ்சாருங்களாமா."

"துணியுமா?"

"ஆமாங்க."

அவன் வட்டலையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு உள்ள வரவே வெக்கமா இருந்துச்சு. அந்தக் குழாயி, பையி, அந்த வாசம். பாத்தா உன்ற மூஞ்சியப் பாக்க முடியாதுன்னு இருந்துச்சு" என்றான்.

இருபத்தைந்து வருஷத்தில் அவன் இப்படி ஒரு பேச்சுப் பேசி அவள் கேட்டதில்லை. அதனால் மனம் இளகிவிடும் என்று நினைத்தாள். இளகவில்லை.

"எனக்கும் வெக்கமாத்தானுங்க இருந்துச்சு" என்றாள். "நீங்க மோட்டார் ரூமுக்குப் போயிட்டீங்க. நான் எங்க போறது?"

 அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. சௌந்திரம் அவனுக்கு உதவியாக எதையும் சொல்லவில்லை. பேச்சை மாற்றவும் இல்லை. எதிரிலேயே உட்கார்ந்து அவன் பதிலுக்காகக் காத்திருந்தாள்.